கிளட்ச் ஹைட்ராலிக்: எதை வீட்டில் தொடலாம், எங்கே நிறுத்த வேண்டும்?

கிளட்ச் பெடலில் பழைய கெட்டித்தனம் இல்லை. முதல் கியர் கரகரத்துக்கொண்டு விழுகிறது. ரிவர்ஸ் விழவே மறுக்கிறது. பெடலை நாலைந்து முறை அடித்தால் ஒருவாறு சரியாகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை. இந்த நிலையில் வண்டிக்காரருக்கு இரண்டு விதமான யோசனை கிடைக்கும். "வாஷர் போயிருக்கும். கிட் போட்டு ஏர் எடுத்தால் முடிந்தது, வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்பது ஒன்று. "ஹைட்ராலிக் வேலை. கையை வைக்காதே, ஒர்க்‌ஷாப்பில் விடு" என்பது மற்றது. இரண்டையும் சொல்பவர்கள் அனுபவசாலிகளே. ஆனால் அவர்கள் மனதில் இருக்கும் வண்டிகள் வேறு வேறு.

வீட்டில் செய்யலாமா என்ற கேள்விக்கு விடை மூன்று விஷயங்களில் இருக்கிறது. பழுது எந்த உறுப்பில் என்று உறுதியாகத் தெரிகிறதா? ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளேயா? கிளட்ச்சுக்குத் தனி ஆயில் தொட்டியா, பிரேக்குடன் கூட்டா? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் துணிச்சலைப் பற்றிய விவாதத்துக்கே வேலை இல்லை.

பெடலுக்கும் பிளேட்டுக்கும் நடுவே

மாருதி 800, ஆல்டோ போன்ற வண்டிகளில் பெடலையும் கிளட்ச்சையும் இணைப்பது இரும்புக் கேபிள். அது நீளும், இழை பிரியும், அறும், மாற்றினால் தீர்ந்தது. ஹைட்ராலிக் வண்டிகளில் கேபிளின் இடத்தில் திரவம் நிற்கிறது. பெடலின் பின்னால் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் இரும்புக் குழாயும் ஒரு துண்டு ரப்பர் ஹோஸும். மாஸ்டருக்கு மேலே ஆயில் தொட்டி. இவ்வளவுதான் மொத்தக் குடும்பம்.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் வகுத்த விதிதான் இதற்கு அடிப்படை. 1921-இல் வந்த டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக் கொண்டு வந்தது. அதே யோசனை பின்னால் கிளட்ச்சுக்கும் வந்தது. உள்ளே இருக்கும் ரப்பரும் ஆயிலும் இன்றும் பிரேக்கினுடையவையே.

கணக்காகப் பார்த்தால்தான் இந்த அமைப்பின் நுட்பம் பிடிபடும். மாஸ்டரின் துளை 16 மி.மீ., ஸ்லேவின் துளை 20 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தால் சுமார் 6 மி.லி. ஆயில் தள்ளப்படும். அதனால் ஸ்லேவ் பிஸ்டன் ஏறத்தாழ 19 மி.மீ. நகரும். நகர்வு குறைகிறது, விசை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. இப்போது குழாயில் 1 மி.லி. காற்று புகுந்துவிட்டது என்போம். அழுத்தம் ஏறியதும் காற்று நசுங்கிவிடும். ஸ்லேவுக்குப் போக வேண்டிய நகர்வில் 3 மி.மீ.க்கு மேல் காணாமல் போகும். மீதமுள்ள 16 மி.மீ. பிளேட்டை முழுதாக விடுவிக்கப் போதாது. கியர் கரகரப்பதன் காரணம் இதுவே. ஒரு முறை மிதித்தால் நகர்வதே 6 மி.லி. என்பதால், பிரேக்கில் லேசான மென்மையாகத் தெரியும் காற்று கிளட்ச்சில் வண்டியையே நிறுத்திவிடுகிறது.

பழுது எங்கே?

முதலில் ஒதுக்க வேண்டியது பிளேட் தேய்மானம். இன்ஜின் வேகம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை, மேட்டில் கருகிய வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அது பெரும்பாலும் பிளேட்டின் கதை. கியர் விழ மறுப்பதும், மிதித்த பிறகும் வண்டி மெல்ல இழுப்பதும் எதிர்ப்பக்கத்து நோய். கிளட்ச் விடுபடவில்லை என்பது அதன் பொருள், ஹைட்ராலிக் மீதான சந்தேகம் இங்கேதான் எழுகிறது. பெடலை மிதிக்கும்போது மட்டும் உறுமல் கேட்டால் அது ரிலீஸ் பேரிங். இந்த மூன்றையும் குழப்பிக்கொண்டு சிலிண்டர் வாங்கியவர்கள் உண்டு.

அடுத்தது தொட்டியின் அளவு. பிரேக் பேடு தேயத் தேய பிரேக் ஆயிலின் அளவு தானாகக் குறையும், அது இயல்பு. வழக்கமான கிளட்ச் அமைப்பில் நேர்மாறு. பிளேட் தேயும்போது டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் பின்னுக்கு நகர்ந்து ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளும். அங்கிருந்து வெளியேறும் ஆயில் தொட்டிக்குத் திரும்பும். ஆகவே தனித் தொட்டி உள்ள கிளட்ச்சில் அளவு குறைந்தால் கசிவு என்று கொள்ளலாம். 'கொஞ்சம் ஊற்றி ஓட்டுவோம்' என்பது நோயைத் தள்ளிப்போடுவது மட்டுமே.

கசிவைத் தேடும் இடங்கள் இரண்டு. பெடலின் மேல், மாஸ்டரின் தள்ளுதண்டு ஃபயர்வாலைத் துளைத்து வரும் இடத்தில் கைவிரலை வைத்துப் பார்க்க வேண்டும். ஈரமிருந்தால், அல்லது கால்மிதியில் வழவழப்பான கறை இருந்தால், மாஸ்டரின் பின்பக்க ரப்பர் போய்விட்டது. பிறகு வண்டிக்கடியில் ஸ்லேவின் தூசு ரப்பரைச் சற்று விலக்க வேண்டும். அதற்குள் ஆயில் தேங்கியிருந்தால் ஸ்லேவ்தான் குற்றவாளி. கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் பெல்ஹவுசிங்கின் அடியிலிருந்து பிரேக் ஆயில் சொட்டுகிறது, வெளியே ஸ்லேவ் எதுவும் காணோம் என்றால் அது வேறு கதை, பிறகு வருவோம்.

எங்கும் ஈரமில்லை, அளவும் குறையவில்லை, ஆனாலும் பெடலை மிதித்தபடி வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் கியர் பிடிக்கத் தொடங்குகிறது. இது மாஸ்டரின் உட்கசிவு. முன்பக்க ரப்பரின் உதடு தேய்ந்து, ஆயில் வெளியே வராமல் பிஸ்டனைச் சுற்றி உள்ளேயே பின்னோக்கி ஓடுகிறது. அதிகம் ஏமாற்றும் பழுது இதுதான். ஏர் எடுத்துப் பார்த்து, ஸ்லேவ் மாற்றிப் பார்த்து, கடைசியில் வந்து சேரும் இடம்.

அரிதாகப் பழுது எதிர்த்திசையிலும் வரும். மாஸ்டரின் மேற்பக்கம் தொட்டியோடு இணையும் ஓர் ஊசித் துளை உண்டு. பெடல் முழுதாக மேலே வந்து நிற்கும்போது மட்டும் அது திறந்திருக்கும். பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே இம்மியளவு இடைவெளி இல்லாவிட்டால் இத்துளை மூடியே இருக்கும். சூட்டில் விரிந்த ஆயில் திரும்ப வழியில்லாமல் கிளட்ச்சைப் பாதி மிதித்த நிலையிலேயே வைக்கும், கிளட்ச் வழுக்கும். உள்ளே ஊதி அடைத்துக்கொண்ட பழைய ரப்பர் ஹோஸும் இதையே செய்யும். பிளேட் தேய்ந்ததென்று எண்ணி கியர்பாக்ஸை இறக்கும் முன் இந்த இடைவெளியைப் பார்ப்பது செலவில்லாத சோதனை. புது மாஸ்டர் பூட்டியவர்கள் தள்ளுதண்டின் நீளத்தைச் சரிபார்க்காமல் விடும்போது இது அடிக்கடி நேர்கிறது.

உள்ளேயா, வெளியேயா?

டொயோட்டா இன்னோவா, லேண்ட் ரோவர் டிஃபெண்டர், மஸ்தா எம்.எக்ஸ்-5 ஆகியவற்றில் ஸ்லேவ் சிலிண்டர் பெல்ஹவுசிங்கின் வெளிப்புறத்தில் தனியாகப் பூட்டப்பட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, குழாய் நட்டை விடுவித்தால் கைக்கு வந்துவிடும். எம்.எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் இதன் ஸ்லேவ் கசிவை வண்டியின் பிறவிக்குணம் போல எடுத்துக்கொண்டு தாங்களே மாற்றிவிடுவது வழக்கம். வேலையின் கடினம் வண்டிக்கடியில் படுப்பதில்தான்.

ஃபோர்டு ஃபோகஸ், ஷெவ்ரோலே குரூஸ் போன்றவற்றில் ஸ்லேவ் வளையமாக, கியர்பாக்ஸின் உள்ளே இன்புட் ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ரிலீஸ் பேரிங்கும் அதனோடு சேர்ந்தே இருக்கும். பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் இல்லை, உராயும் மூட்டுகள் குறைவு, விசை நேராகப் போகிறது. பொறியியலாகப் பார்த்தால் இது முன்னேற்றமே. ஆனால் அரை உள்ளங்கை அளவு ரப்பர் கசிந்தாலும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். இன்ஜினைத் தாங்க வேண்டும், டிரைவ் ஷாஃப்ட்டைக் கழற்ற வேண்டும், கனமான கியர்பாக்ஸை நேராகப் பின்னிழுத்து அதேபோல் திரும்பச் செருக வேண்டும். சாய்ந்தால் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். லிஃப்டும் கியர்பாக்ஸ் ஜாக்கியும் இல்லாத வீட்டில் இதைத் தொடங்குவது விவேகமல்ல. உள்ளே புகுந்த பிரேக் ஆயில் பிளேட்டிலும் பட்டிருக்கலாம்; அப்படியானால் அதுவும் மாற்ற வேண்டியதே. மறுபுறம், வேறு காரணத்துக்காகக் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது பழைய உள் ஸ்லேவையே திரும்பப் பூட்டுவதும் சிக்கனமல்ல. பாகத்தின் விலையைவிட இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது.

புதுப் பிளேட் போட்ட கொஞ்ச நாளிலேயே வெளி ஸ்லேவ் கசிந்தது என்ற குறையும் அடிக்கடி கேட்பதுதான். மெக்கானிக் ஏதோ செய்துவிட்டார் என்று நினைப்பார்கள். தேய்ந்த பிளேட்டோடு ஓடிய காலத்தில் பிஸ்டன் சிலிண்டரின் உட்பகுதியிலேயே உலாவியிருக்கும். புதுப் பிளேட் வந்ததும் அது வாய்ப்பக்கமாக நகர்ந்து, ஈரமும் தூசும் படிந்த பகுதியில் ரப்பரை உரசுகிறது. வெளி ஸ்லேவையும் பிளேட்டோடு சேர்த்துப் பார்த்துவிடச் சொல்வதற்குப் பின்னால் இந்த நியாயம் இருக்கிறது.

கிட்டா, புதுசா?

பழைய தலைமுறை மெக்கானிக்கிடம் சிலிண்டர் கசிகிறது என்றால் கை தானாகக் கிட்டைத் தேடும். ரப்பர் வாஷர்கள், தூசு ரப்பர், சில நேரம் ஸ்பிரிங், சர்க்கிளிப். ஒரு சின்னப் பொட்டலம். சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற உள்நாட்டுத் தயாரிப்பாளர்கள் இருப்பதால், நெடுங்காலம் ஓடிய மாடல்களுக்கு உதிரி கிடைப்பது இங்கே பெரும்பாடாக இருந்ததில்லை. சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் மாடலும் ஆண்டும் சொன்னால் கிட்டும் காட்டுவார்கள், முழு சிலிண்டரும் காட்டுவார்கள். எதை வாங்குவது?

இதைச் சிலிண்டரின் உட்சுவரிடம் கேட்க வேண்டும். பிஸ்டனை எடுத்து, பிரேக் ஆயிலாலோ ஸ்பிரிட்டாலோ துடைத்து, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சுவர் வழுவழுப்பாகவும் கோடின்றியும் இருந்தால் கிட் நீண்ட நாள் உழைக்கும். வார்ப்பிரும்புச் சிலிண்டரில் லேசான மங்கல் இருந்தால் ஹோன் போட்டுத் தேய்த்து எடுக்கலாம். நகத்தில் தட்டுப்படும் குழி இருந்தால் புது ரப்பரும் சில மாதத்தில் கிழியும். அலுமினியச் சிலிண்டருக்கு விதி கடுமை: அதன் உட்சுவரில் இருக்கும் கடினப்பூச்சு மெல்லியது, ஹோன் அதைச் சுரண்டிவிடும், பிறகு தேய்மானம் விரைவு. கோடு விழுந்த அலுமினியம் என்றால் புதுசுதான். உதிரியே கிடைக்காத பழங்கால வண்டிகளுக்குச் சிலிண்டரைக் கடைந்து பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ ஸ்லீவ் அடிப்பது இன்னொரு வழி.

அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. மாஸ்டர் சிலிண்டரே பிளாஸ்டிக்கில் வருகிறது. பிரிக்க முடியாது, கிட் கிடையாது. குழாயும் நட்டில்லாமல் கம்பி கிளிப்பும் ஓ-ரிங்கும் கொண்டு சொருகும் வகை. மாற்றுவது சுலபம்; ஆனால் பழைய ஓ-ரிங் உள்ளேயே ஒட்டிக்கிடந்தால் புதியது சரியாக உட்காராது.

மாஸ்டரும் ஸ்லேவும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பதில் இரு தரப்பு. இரண்டும் ஒரே வயது, ஒரே ஆயிலைக் குடித்தவை, ஒன்று போனால் அடுத்தது பின்னாலேயே வரும் என்பது ஒரு தரப்பு. நன்றாக ஓடும் கம்பெனி பாகத்தைக் கழற்றி தரம் தெரியாத புதுசைப் போடுவானேன் என்பது மறு தரப்பு. தொட்டியின் ஆயில் கறுத்து, ரப்பர்த் துகள் மிதந்தால் முதல் தரப்பு சொல்வது சரி. அது எல்லா ரப்பரும் கரைந்துகொண்டிருப்பதற்கான சாட்சி. ஆயில் தெளிவாக இருந்து கசிவு ஓரிடத்தில் மட்டும் என்றால் அதை மட்டும் பார்த்தால் போதும். போலி உதிரி நடமாடும் சந்தையில் இரண்டாம் தரப்பின் எச்சரிக்கையையும் தள்ள முடியாது.

கிட் போடுபவர் இரண்டைக் காக்க வேண்டும். வாஷரின் உதடு அழுத்தம் வரும் பக்கம் நோக்க வேண்டும். திரும்பிப் போனால் ஒரு சொட்டுகூட அழுத்தம் நிற்காது. ரப்பரைச் சொருக சுத்தமான பிரேக் ஆயிலோ அதற்கென விற்கும் ரப்பர் கிரீஸோ மட்டுமே பூச வேண்டும். இன்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. இந்த வாஷர்கள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். வகை ரப்பர், கனிம எண்ணெய் பட்டால் உப்பிக் கூழாகும்.

எந்த ஆயில்?

தொட்டி மூடியில் எழுதியிருப்பதே விதி. பெரும்பாலான கார்களில் அது டாட் 3 அல்லது டாட் 4. இவை கிளைக்கால் சார்ந்தவை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. அமெரிக்கத் தர விதியின்படி புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை. 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் இந்த எல்லை முறையே 140, 155 டிகிரியாக இறங்கிவிடும். நீர் கொதிநிலையைக் குறைப்பதோடு உட்சுவரையும் அரிக்கும். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இதைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றும் பழக்கம் எந்தக் கிட்டையும்விட மலிவு. திறந்து வைத்த பழைய டப்பாவின் மிச்சத்தை ஊற்றுவது அந்தப் பழக்கத்தையே வீணாக்கும்.

டாட் 5.1 கிளைக்கால் குடும்பமே. டாட் 5 சிலிக்கோன். எண்கள் அருகருகே இருப்பதால் மாற்றி வாங்குவது எளிது, மற்ற வகைகளோடு சிலிக்கோனைக் கலக்கக் கூடாது. பழைய சிட்ரோயன் வண்டிகளின் பச்சை நிற எல்.ஹெச்.எம். கனிம எண்ணெய், அது இன்னொரு உலகம்.

ஏர் எடுத்தல்

பாகத்தை மாற்றுவது எளிதாக முடிந்து, ஏர் எடுப்பதில் நாள் போவதுதான் இந்த வேலையின் வழக்கமான வரலாறு. குழாய் மேலேறி இறங்கும் வளைவில் குமிழி தங்கும். ஒரு மிதியில் நகரும் 6 மி.லி. ஆயில் அதைக் கீழே இழுத்துவரப் போதாது. பெடலை விட்டதும் குமிழி மறுபடி மேலேறும்.

இருவர் சேர்ந்து செய்வது பழைய முறை. ஸ்லேவில் காற்றை வெளியே விடும் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாய் மாட்டி அதன் முனையைப் பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் முக்கிவைத்து, மேலே இருப்பவர் பெடலை அடித்துப் பிடிக்க, கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். தொட்டி ஒருமுறை வற்றிவிட்டால் எல்லாம் ஆரம்பத்திலிருந்து. கருவி வேண்டாம், ஆனால் இருவருக்கும் குரல் ஒத்துப்போக வேண்டும். நிப்பிளைத் திறந்துவிட்டுத் தானாகச் சொட்ட விடுவது பொறுமைசாலிகளின் முறை. நேரான குழாய் உள்ள வண்டிகளில் இதுவே போதும். வெற்றிடப் பம்ப்பால் கீழிருந்து உறிஞ்சுவது ஒருவரே செய்யக்கூடியது. ஆனால் நிப்பிள் மரை வழியாக வெளிக்காற்றும் உறிஞ்சப்படுவதால் குமிழி ஓயாது, வேலை முடிந்ததா என்று தெரியாமல் தவிப்பார்கள்.

கிளட்ச்சுக்கு இயல்பாகப் பொருந்துவது தலைகீழ் முறை. ஸ்லேவ் நிப்பிளில் பெரிய ஊசிக்குழலைப் பொருத்தி, புது ஆயிலைக் கீழிருந்து மேலாக மெல்ல ஏற்ற வேண்டும். காற்று தானே மேலே போக விரும்பும். அதன் திசையிலேயே தள்ளுகிறோம். முன்னதாகத் தொட்டியில் இருக்கும் பழைய ஆயிலை உறிஞ்சிக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வழிந்து பெயின்ட்டைத் தின்னும். கீழே தேங்கிய அழுக்கும் மேலேறும் என்பது இதன் குறை. ஸ்லேவ் புதிதானால் அந்தக் கவலை பெரிதில்லை. வெளி ஸ்லேவ் உள்ளவர்களுக்கு இன்னும் எளிய உபாயம் உண்டு: நிப்பிளை மூடி, ஸ்லேவைக் கழற்றி, குழாய் பூட்டும் துளை மேலே பார்க்கும்படி பிடித்து, பிஸ்டனைக் கையால் மெதுவாக உள்ளே அழுத்தினால் காற்று தொட்டியில் கொப்பளித்து வெளியேறும். பிஸ்டன் திரும்பும்போது வெளியே துள்ளிவிடாமல் காக்க வேண்டும்.

எந்த முறையானாலும் நிப்பிள் ஸ்லேவின் உச்சியில் இருக்கிறதா என்பதே முதல் சோதனை. சில ஸ்லேவ்களைத் தலைகீழாகவும் பூட்ட முடியும். அப்போது எந்த முறையாலும் காற்று வராது. புது மாஸ்டரைப் பூட்டும் முன் மேசையில் வைத்தே அதன் காற்றை எடுத்துவிடுவது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ஆபத்துகள்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வேண்டும், தரை சமமாக வேண்டும். இவை இல்லாத இடத்தில் இந்த வேலையே இல்லை. பிரேக் ஆயில் கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு. கண்ணாடியும் கையுறையும் போட வேண்டும். பெயின்ட்டில் சிந்தினால் துடைப்பதைவிட உடனே நிறையத் தண்ணீர் ஊற்றுவது மேல். தரையில் சிந்தியதன்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவக் கூடாது. இரண்டும் கலந்தால் சற்று நேரத்தில் தீப்பற்றக்கூடும். பழைய ஆயில் சாக்கடைக்குப் போகக் கூடாது. மூடிய டப்பாவில் ஒர்க்‌ஷாப்பில் சேர்ப்பதே முறை.

கூட்டுத் தொட்டி தனிக் கவனம் கேட்கிறது. ஃபோக்ஸ்வாகன் போலோ போன்றவற்றில் பிரேக் தொட்டியிலிருந்தே கிளட்ச்சுக்கும் ஆயில் போகிறது. கிளட்ச்சுக்கான குழாய் தொட்டியில் உயரமாக வைக்கப்படுவதால், கிளட்ச் கசிந்து காலியானாலும் பிரேக்கின் பங்கு அடியில் மிஞ்சும். ஆனால் ஏர் எடுக்கும்போது நாமே தொட்டியை வற்றவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், பிரேக்கிலும் காற்று ஏறும். கிளட்ச் பழுதானால் வண்டி நிற்கக் கூடாத இடத்தில் நிற்கும். பிரேக் பழுதானால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

முடிவாக

வெளி ஸ்லேவ், தனித் தொட்டி, கண்ணால் கண்ட கசிவு: இம்மூன்றும் சேர்ந்தால் இது வீட்டு வேலைதான், தயங்கத் தேவையில்லை. வெளி ஸ்லேவும் கூட்டுத் தொட்டியும் என்றால் பிரேக்கில் ஏற்கெனவே ஏர் எடுத்துப் பழகியவர் செய்யலாம். புதியவர் முதல்முறை பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உள் ஸ்லேவ் என்றால் மாஸ்டர், ஹோஸ், ஏர் எடுத்தல் வரை வீட்டில் முயலலாம். பெல்ஹவுசிங்கில் சொட்டு கண்டதும் நிறுத்திவிட வேண்டும். பழுது எங்கே என்று தெரியாமலே பாகம் வாங்குவது மட்டும் எந்த வண்டிக்கும் பொருந்தாது. ஒர்க்‌ஷாப்பில் விடுபவருக்கும் இந்த வரிசை பயன்படும். எங்கே ஈரமிருந்தது, தொட்டி எந்த அளவில் இருந்தது, பெடலைப் பிடித்தபோது என்ன ஆனது என்று சொல்லத் தெரிந்தவரிடம் தேவையில்லாத கிளட்ச் செட்டை எளிதில் விற்க முடியாது.